மருந்துப்போலி

பெங்களூரில் ஓர் உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்றதும், நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குடுவையை ஆட்டப்போகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. செல் வளர்ப்பு, பி.சி.ஆர்., எலிசா என்று செய்முறைத் தேர்வுக்கு உருப்போட்டதெல்லாம் மனதில் பசுமையாக இருந்தது. முதல் நாள் என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்த இடம் ஒரு கோப்பறை. சுவரோடு சுவராக இரும்பு அலமாரிகள், தீ புகாத கதவு, உள்ளே போகவும் வெளியே வரவும் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. சோதனைக்கூடம் இரண்டு மாடி கீழே இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அதன் கதவை நான் திறக்கவில்லை.

என் மேசையில் இரண்டு நீலப் பேனாக்கள் இருந்தன. "பென்சில் கூடாது. ஒயிட்னர் கூடவே கூடாது," என்றார் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேடம். "தப்பா எழுதிட்டா மேல ஒரே ஒரு கோடு போடு. கீழ இருக்கிறதைப் படிக்க முடியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடு." அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால் ஐந்து மதிப்பெண் கூட என்று பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள் நான். இங்கே அடித்தல் திருத்தலே இல்லாத தாள் வந்தால் சந்தேகப்பட்டார்கள். ஒரு நோயாளியின் மூன்று மாத ரத்த அழுத்தக் குறிப்புகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே சீரான கையெழுத்தில் இருந்தால், அது ஒரே மதியத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டிருக்குமோ என்ற கேள்வி எழும். தவறு தெரியும்படி இருக்க வேண்டும்; யார், எப்போது திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும். மருத்துவ ஆய்வின் பாதி அறம் இந்த ஒற்றைக் கோட்டில் இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

மருந்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சொல்லவேண்டிய தேவையும் இல்லை. சர்க்கரை நோய்க்கான ஓர் ஊசி, வாரம் ஒரு முறை போடுவது, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரையோடு சேர்த்து. ஆய்வில் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்கு, பார்வைக்கு அச்சு அசலாக அதேபோல் இருக்கும், உள்ளே மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரியாது, எங்கள் தளத்தில் ஒருவருக்கும் தெரியாது. பல மாநிலங்களில் மருத்துவமனைகள் சேர்ந்திருந்தன. தமிழ்நாட்டிலும் சில.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடம் பாலக்காட்டுக்காரர். தமிழ் சரளமாகப் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆகவே தமிழ் ஒப்புதல் படிவம் என் தலையில் விழுந்தது.

ஒப்புதல் படிவம் என்றால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் ஏதோ ஒரு தாள் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அது பதினாறு பக்கம், தமிழில் இருபத்திரண்டு. ஆய்வு எதற்கு, எத்தனை ஊசி, எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள், என்ன கோளாறு வரலாம், வந்தால் யார் செலவு செய்வது, நடுவில் விலகலாமா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு முகமை ஒன்று தமிழாக்கித் தரும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். போனதும் வந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போன கடிதத்தையும் வந்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுபோல் சுவாரசியமான வேலை அது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திரும்பி வந்த ஆங்கிலத்தின் நான்காம் பக்கத்தில் மேடம் நிமிர்ந்தார். "இதென்ன, நம்ம கம்பெனி நோயாளிக்குக் கள்ள மருந்து கொடுக்கப்போறதா எழுதியிருக்கே?"

மூலத்தில் 'பிளசீபோ' என்று இருந்தது. முகமைக்காரர் அதைப் 'போலி மருந்து' என்று தமிழாக்கியிருந்தார். திருப்பி ஆங்கிலமாக்கியவர், செய்தித்தாள் படிக்கிற எந்தத் தமிழரும் செய்வதைச் செய்தார். போலி டாக்டர் கைது, போலி மருந்து ஆலைக்குச் சீல் என்று தினமும் படிக்கிறவர் வேறு எப்படி மொழிபெயர்ப்பார்? அவர்மேல் குற்றம் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ஒருவர் அந்தச் சொல்லை எப்படிப் படிப்பாரோ அப்படியேதான் அவரும் படித்தார்.

தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "மேடம், போலி மருந்துன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. போகாம உக்காந்திருந்தாங்கன்னா அது இன்னும் மோசம். டாக்டர் போலி குடுத்தாலும் வாங்கிக்கிடுவோம்னு இருக்காங்கன்னு அர்த்தம்," என்றார். இரண்டாவதாக அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அகராதிகளில் 'மருந்துப்போலி' என்று இருக்கிறது. முதலில் பார்க்கும்போது இரண்டு சொல்லையும் முன்பின்னாக மாற்றிப்போட்ட தந்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் தமிழில் இந்த இடமாற்றம் சும்மா இல்லை. போலி மருந்து என்றால் போலியான மருந்து, ஏமாற்று. மருந்துப்போலி என்றால் மருந்தைப் போன்றது. முன்னதில் ஒரு குற்றவாளி இருக்கிறான். பின்னதில் ஓர் ஒப்புமை மட்டுமே இருக்கிறது. இலத்தீன் மூலச் சொல்லுக்கு 'மகிழ்விப்பேன்' என்று பொருள். நோயாளியின் திருப்திக்காகக் கொடுப்பது என்ற பழைய நினைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் தமிழ்ச் சொல் நேர்மையானது. யாரையும் மகிழ்விப்பதாக அது சொல்லவில்லை.

அன்று இரவு விடுதியில் படுத்திருந்தபோது ஒன்பதாம் வகுப்புத் தமிழையா ஞாபகத்துக்கு வந்தார். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி. அறம் என்பது அறன் என்று வரும், நிலம் என்பது நிலன் என்று வரும், எழுத்து மாறும், பொருள் மாறாது, அதுதான் போலி. இலக்கணத்தில் வடிவம் மாறிப் பொருள் நிற்கிறது. ஊசியிலோ வடிவம் நிற்கிறது, பொருள்தான் இல்லாமல் போகிறது. இப்படி நேர் எதிராக இருக்கிறதே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தூக்கம் போயிற்று. யோசித்துப் பார்த்தால் ஒரு மருத்துவ ஆய்வு மொத்தமும் கேட்பது இந்த இலக்கணக் கேள்வியைத்தான்: இது இருந்த இடத்தில் அதை வைத்தால் பொருள் மாறுகிறதா, மாறவில்லையா? மாறினால் அது மருந்து. மாறவில்லை என்றால் மகரத்துக்கு னகரம் நின்றதுபோல மருந்தும் மருந்துப்போலியும் ஒன்றுக்கு ஒன்று போலி. கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனம் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு ஒரு முறை பெரிய அளவில் போட்டுப் பார்த்திருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்துப்போலி. பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராகத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது விடை. இதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாறவில்லை என்று தெரிந்துகொள்ள அத்தனை லட்சம் கைகள் நீட்டப்பட்டிருக்கின்றன என்பது சாதாரண விஷயமா?

படிவத்தில் 'மருந்துப்போலி' என்றே வைத்து, அடைப்புக்குறிக்குள் 'பார்ப்பதற்கு ஆய்வு மருந்தைப் போலவே இருக்கும், ஆனால் மருந்து எதுவும் கலக்காத ஊசி' என்று சேர்த்தோம். அடைப்புக்குறி அழகைக் கெடுக்கிறது என்பது தெரிந்தே சேர்த்தோம்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனையின் அறநெறிக் குழுவிலிருந்து வந்தது. மனிதர்கள்மீது மருந்தைச் சோதிக்க 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி இப்படி ஒரு குழுவின் அனுமதி வேண்டும். குறைந்தது ஏழு பேர். மருத்துவர்களோடு ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரணர், ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். அந்தக் குழுவின் 'சாதாரணர்' ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கேள்விப்பட்டேன். அவர் எழுதி அனுப்பிய குறிப்பு இரண்டே வரி. இது பரிசோதனையா, சிகிச்சையா என்பது படிவத்தைப் படித்து முடித்த பிறகும் தனக்குத் தெளிவாகவில்லை என்பது முதல் வரி. முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் என்ன என்பது இரண்டாவது.

படிவம் முழுக்கப் 'பரிசோதனை' என்ற சொல் இறைந்து கிடந்தது. அதில் பிழை இருப்பதாக எனக்கும் மேடத்துக்கும் தோன்றியதே இல்லை. ஆனால் தமிழில் டாக்டர் பரிசோதனை செய்தார் என்றால் என்ன பொருள்? நாடி பிடித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், எனக்கு என்ன என்று பார்த்தார். எனக்காகச் செய்வது பரிசோதனை. என்னை வைத்துச் செய்வதும் பரிசோதனை. ஒரே சொல். 'ஆய்வில் பங்கேற்பவர், தன் சிகிச்சைக்காகவே எல்லாம் நடக்கிறது என்று நம்பிவிடுவது' என்ற குழப்பத்துக்கு 1982-இல் அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் அவருடைய சகாக்களும் ஒரு பெயர் வைத்தார்கள். மருத்துவ அறவியலில் அது தனிப் பாடமாகவே இருக்கிறது. தமிழில் அந்தக் குழப்பத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை. சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. 'சோதனை' என்று சுருக்கினால் இன்னும் வம்பு. வருமான வரிக்காரர்கள் செய்வது சோதனை, கடவுள் தருவதும் சோதனை.

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு வேலை என்று பிரித்தோம். ரத்தம், சிறுநீர், இதயத் துடிப்பு பார்ப்பதெல்லாம் 'பரிசோதனை'. மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செய்வது 'ஆய்வு'. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு பத்தி: இது உங்களுக்கான வழக்கமான சிகிச்சை அல்ல, ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆய்வு, இதனால் உங்களுக்கு நன்மை கிடைக்காமலும் போகலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கை தயங்கியது. அதைப் படித்தால் யார் சேர்வார்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "படிச்ச பிறகும் சேர்றவங்கதான் நமக்கு வேணும்," என்றார்.

குலுக்கல் என்ற சொல்லில் மட்டும் சிரமமே இருக்கவில்லை. யாருக்கு எந்த ஊசி என்று கணினி சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் என்றால் எல்லோருக்கும் புரிந்தது. குலுக்குச் சீட்டு தெரிந்த ஊர், கோயிலில் பூப் போட்டுப் பார்க்கிற ஊர். உத்திரமேரூர்க் கல்வெட்டு 919-லும் 921-லும் குடவோலை முறையைச் சொல்கிறது. குடத்துக்குள் என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் சொல்கிறது. எடுக்கும் கைக்கு எது எதுவென்று தெரியக் கூடாது என்ற இதே எச்சரிக்கை, 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஒட்டிய உறைகளாக வந்தது. பிரிட்டனில் நடந்த அந்த ஆய்வைத்தான் நவீன மருத்துவ ஆய்வுக்கு முன்மாதிரி என்கிறார்கள். அதில் மருந்து கிடைக்காத காசநோயாளிகளுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது. உறையை ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, உறைக்குள் இருந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. குடவோலையில் பெயர் எழுதப்பட்டவனுக்காவது விஷயம் தெரிந்திருந்தது.

எட்டு ஆண்டு கழித்து, 1956-இல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்திய முதல் ஆய்வு, காசநோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதையும், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிடவைப்பதையும் ஒப்பிட்டது. வீடு என்றால் நெரிசலான, ஏழைப்பட்ட வீடு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. 1959-இல் முடிவு வெளியானபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதில் சென்னைக் குடிசைகளுக்குப் பங்கு உண்டு. இன்று தாம்பரம் சானடோரியம் என்பது பலருக்கு மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையம் மட்டுமே.

அந்த ஆய்வைப் பற்றிப் படித்ததில் என் மனதில் தங்கியது ஒரு சின்ன விஷயம். நோயாளிகள் மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சத்தை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி கடைசியில் ஒரு வீட்டு அலமாரியில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதில் வந்து நிற்கிறது.

எங்கள் ஆய்விலும் அப்படித்தான். சில பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு விளக்க முடியாதபடி ஏறி இறங்கியது. கேள்விமேல் கேள்வி அனுப்பினோம். கடைசியில் ஒருங்கிணைப்பாளர் சொன்னார்: "டீ குடிச்சிட்டு வாராங்க மேடம்." படிவத்தில் 'எட்டு மணி நேரம் உணவு உண்ணாமல் வரவும்' என்று இருந்தது. டீ எப்படி உணவாகும்? விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவர் ஒரு டீ குடித்துவிட்டு, வெறும் வயிறாகத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னால் தமிழ்நாட்டில் அது பொய் இல்லை. 'தண்ணீர் தவிர டீ, காபி, பால் உட்பட எதுவும்' என்று திருத்தினோம். கூடவே வேறு நாட்டில் தெரியவந்த ஒரு பக்கவிளைவையும் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்தது படிவத்தின் இரண்டாம் பதிப்பு. இந்த இரண்டாம் பதிப்பில்தான் நான் சறுக்கினேன்.

அதற்கு முன் ஒரு டி.வி.எஸ். 50. ஆய்வில் இருந்த ஒருவர் சாலைப் பள்ளத்தில் விழுந்து ஒரு ராத்திரி மருத்துவமனையில் இருந்தார். எதிர்பாராமல் எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது தீவிரப் பாதகச் சம்பவம். ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், நிறுவனத்துக்கும், அறநெறிக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். பள்ளத்துக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "சர்க்கரை இறங்கித் தலை சுத்தி விழுந்தாரா, பள்ளத்துனால விழுந்தாரான்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. அன்றைக்கு அவர் காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், விழுவதற்கு முன் வியர்த்ததா என்று கேட்டு வாங்கிய பிறகே அந்தக் கோப்பு மூடியது. நெடுஞ்சாலைத் துறையின் பள்ளத்தை இவ்வளவு அக்கறையாக விசாரித்த வேறு அலுவலகம் எதுவும் இருக்காது.

சறுக்கியது இப்படி. அறநெறிக் குழு இரண்டாம் பதிப்பை ஏற்றுக்கொண்ட பிறகு அதை மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார் மேடம். நான் பழைய கோப்பை இணைத்து அனுப்பிவிட்டேன். கோப்பின் பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். மூன்று வாரம் கழித்துத் தெரிந்தபோது மூன்று பேர் பழைய படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருந்தார்கள். அதாவது, புதிதாகத் தெரியவந்த பக்கவிளைவைப் பற்றிச் சொல்லப்படாமல் மூன்று பேருக்கு ஊசி போடப்பட்டிருந்தது. எவருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் 'எதுவும் ஆகவில்லை' என்பது அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லாத வாக்கியம். மேடம் என்னைத் திட்டவில்லை. நெறிமுறை விலகல் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'பயிற்சி மாணவி' என்று எழுதியிருக்கலாம். தன் பெயரை எழுதினார். "அனுப்பினதைச் சரிபார்க்க வேண்டியவ நான்," என்றார். பழைய வரியின்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி.

மூன்று பேரையும் மறுபடி வரச்சொல்லிப் புதிய படிவத்தை விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். மருத்துவமனையைப் பார்வையிடப் போன கண்காணிப்பாளரோடு என்னையும் அனுப்பினார்கள். ஆய்வில் இருக்கும் ஒரு மனிதரை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எண் தெரியும், அதையும் சொல்லக் கூடாது. பிறந்த தேதி கேட்ட இடத்தில் வருடம் மட்டும் இருந்தது. நாளும் மாதமும் தெரியாது என்று குறிக்கப் படிவத்தில் வழி உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அறையில் ஒரு கேமரா இருந்தது. 2009-10இல் அன்றைய ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்ட கதை பாராளுமன்றக் குழு வரைக்கும் போயிற்று. மருத்துவ ஆய்வுகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்திலும் நடந்தது. 2013-க்குப் பிறகு ஒப்புதல் பெறுவதைப் படம் பிடிக்கும் வழக்கம் வந்ததற்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது. அவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. கேமராவைப் பார்த்ததும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு போனார். நிதானமாகவே சொன்னார். நான்காம் பக்கத்தில் 'மருந்துப்போலி' வந்தது. அடைப்புக்குறியையும் சேர்த்து வாசித்தார். பெரியவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல.

"எனக்கு எது வருதுன்னு உங்களுக்காச்சும் தெரியுமா சார்?"

"எனக்கும் தெரியாதுங்கய்யா."

"பெறவு யாருக்குத் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

அவர் கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தார், அதுதான் கம்ப்யூட்டர் என்பதுபோல. "சரி. மருந்தில்லாத ஊசின்னாலும் நீங்க வாராவாரம் பாக்கீங்கள்ல? அது போதும்," என்றார்.

நாங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து பிரித்து வைத்த பரிசோதனையையும் ஆய்வையும் அவர் ஒரே வாக்கியத்தில் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. மருந்து இல்லாமலும் இருக்கலாம் என்பது புரிந்தது. அதற்கும் மேலாக, அரசு மருத்துவமனை வரிசையில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத கவனிப்பு இங்கே வாராவாரம் கிடைக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. தப்பு வேறெங்கோ இருக்கிறது. அதை எந்த அடைப்புக்குறிக்குள்ளும் எழுத முடியாது. ஆய்வு முடிந்ததும் வாராவாரம் பார்ப்பது நின்றுபோகும் என்பது படிவத்தின் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் அதையும் வாசித்தார். பெரியவர் தலையாட்டினார்.

கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக, தேதியோடு. பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, போன தடவ போட்ட கையெழுத்துல என்ன தப்பு?" என்றார். கையெழுத்தில் தப்பில்லை ஐயா, நாங்கள் தப்பான தாளைக் கொடுத்துவிட்டோம் என்றேன். அனுப்பியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "தாளு தானே," என்று சிரித்தார். பயணப்படி ரசீதிலும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கிடைத்தது. ஒரு நாள் போனது போனதுதான்.

கிளம்பும்போது மேசைமேல் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, இதை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். அது உங்களுக்குத்தான் என்றார் அவர். "பேத்தி வாசிச்சுச் சொல்லுவா," என்று நான்காக மடித்து, மஞ்சப்பையில் மருந்துச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டார்.

இன்டர்ன்ஷிப் முடிந்தபோது ஆய்வு முடிந்திருக்கவில்லை. கடைசி நோயாளியின் கடைசித் தகவலும் வந்து, எல்லாக் கேள்விகளும் தீர்ந்து, தரவைப் பூட்டிய பிறகே யாருக்கு எது என்ற ரகசியத்தைத் திறப்பார்கள். அந்தப் பெரியவருக்கு வந்தது மருந்தா, மருந்துப்போலியா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை. கல்லூரியில் நான் சமர்ப்பித்த அறிக்கையில் ஒரு வரைபடம்கூட இல்லை என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குறைப்பட்டுக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமாவது, ஏதோ ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு படிவம் நீட்டப்படலாம். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை 2009 முதல் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். உங்களிடம் சொல்லப்படும் ஆய்வு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும்போது, சம்பந்தமில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் கடைசிவரை கூட இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை அவர்கள் நிறுத்தக் கூடாது. சேர்வதென்று முடிவு செய்தால், கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுடையது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.